பாலம் கட்டுகிறவன் பக்கம்

ஹெல் லெட் லூஸ் என்கிற கணினிப் போர் விளையாட்டை ஆடுகிற எங்கள் தமிழ்க் குழுவிலிருந்து விலகிவிட்டேன். சண்டை எதுவும் இல்லை. நான் யாரையும் பிளாக் செய்யவில்லை, என்னையும் யாரும் தூக்கவில்லை. "ஏன் தல, இன்னா ஆச்சு?" என்று கேட்டு வந்த செய்திகளுக்கு ஒற்றை வரியில் பதில் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து பழைய போர்ப் படங்கள் பார்த்தவர்கள். அந்தப் படங்களைப் பேசாமல் இந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இரண்டாம் உலகப் போர்தான் களம். இந்தப் பக்கம் 50 பேர், அந்தப் பக்கம் 50 பேர். ஓர் ஆட்டம் ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். 2021-ல் முழுமையாக வெளிவந்தது. இதில் ஒரு குண்டுகூடச் சுடாமல் உங்கள் அணியை ஜெயிக்க வைக்கலாம், எனக்கு இது பிடித்துப்போனதே அதனால்தான். எஞ்சினியர் என்று ஒருவர் உண்டு. அவர் வரைபடத்தின் பின்மூலைக்குப் போய் நோடு, அதாவது அணிக்கு வளம் சேர்க்கிற நிலையம், கட்டுவார். ஆள்பலம், வெடிமருந்து, எரிபொருள் என்று மூன்று வகை நோடு. அவை இருந்தால்தான் தளபதியின் கையில் டாங்கியும் குண்டுவீச்சும் தாராளமாக இருக்கும். அப்புறம் சப்ளை லாரி. அதை ஓட்டிப்போய்ச் சரக்கை இறக்கினால்தான் அணித் தலைவர் கேரிசன் கட்டலாம். கேரிசன் இருந்தால் செத்தவர்கள் சண்டைக்குக் கிட்டத்திலேயே எழுந்து வரலாம். இல்லாவிட்டால் பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடி வர வேண்டியதுதான்.

நான் எஞ்சினியர், இல்லையென்றால் லாரி டிரைவர். எனக்கு வேலை எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில். துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே டிரெய்லர்கள் காசிமேடு தாண்டி வரிசை கட்டி நிற்பதை வடசென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் எங்கள் வண்டி எது, எங்கே நிற்கிறது, டிரைவர் சாப்பிட்டாரா, பேப்பரில் முத்திரை விழுந்ததா என்று பகல் முழுக்கப் போனில் கத்துவது என் பிழைப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நார்மண்டியில் சப்ளை லாரி ஓட்டுவேன். "பகல்ல பாக்குற லாரி பத்தலையா?" என்பாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் நார்மண்டியில் டிராஃபிக் போலீஸ் கிடையாது.

என் வயதுக்காரர்களைப் போல நானும் பிரௌசிங் சென்டரில் தொடங்கியவன். பழைய வண்ணாரப்பேட்டை ஜி.ஏ. ரோட்டுப் பக்கம் மாடியில் ஒரு சென்டர், கௌண்டர் ஸ்ட்ரைக் 1.6, டஸ்ட் 2. அதெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். பின்னாளில் ஹெல் லெட் லூஸ் வந்தபோது அந்தப் பழைய பையன்களில் சிலர் ஒன்று சேர்ந்தோம். சிங்கப்பூர் சர்வரில் தமிழ்க் குரல் கேட்டு மலேசியாவிலிருந்து சிலர் வந்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர், டொராண்டோவிலிருந்து இருவர். அப்படியே டிஸ்கார்ட் என்கிற அரட்டைச் செயலியில் ஒரு குழு ஆகிவிட்டது.

ஆட்டத்துக்கு ஆள் சேருகிற நேரத்தில்தான் படப் பேச்சு தொடங்கும். சர்வர் நிறையக் காத்திருக்க வேண்டும், அதற்குள் யாராவது ஒரு படத்தை இழுப்பார்கள். கிழக்கு நோக்கிப் போகிற மேப் வந்தால் ரஷ்யப் படம், பாலம் வந்தால் பாலப் படம். பிறகு சனிக்கிழமை ராத்திரிகளில் விளையாட்டை ஒதுக்கிவிட்டு ஒருவர் திரையைப் பகிர, எல்லோரும் சேர்ந்து பழைய போர்ப் படம் பார்ப்பது என்று ஆனது. குழுவில் எனக்குச் சொந்தமென்று ஏதாவது இருந்ததென்றால் இந்தச் சனிக்கிழமைதான். படத்தைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு.

நான் தேர்ந்தெடுத்த முதல் படம் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. 1957, டேவிட் லீன். எங்கள் நைனா துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் ஆங்கிலப் படம் என்றால் போதும், பிராட்வே மினர்வாவுக்குக் கிளம்பிவிடுகிற தலைமுறை. எனக்கு அந்தக் கொட்டகை வாய்க்கவில்லை. பர்மா பஜாரில் வாங்கிய சிடியில்தான் நான் க்வாய் நதியைப் பார்த்தேன், நைனா பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்ல. கதை தெரிந்ததுதானே. ஜப்பானியரிடம் கைதியாக இருக்கிற பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், எதிரிக்காகக் கட்டுகிற ரயில் பாலத்தை ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். கட்டியும் முடிக்கிறார். அதைத் தகர்க்க அவருடைய சொந்தப் பக்கத்து ஆட்களே வரும்போது தடுக்கப் பார்க்கிறார்.

படிக்கிற பையன் என்கிற கெத்தில் நான் கர்னலை முட்டாள் என்றேன். நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவன் இன்னாடா தப்பு பண்ணான்? எதிரிக்குன்னு கோணலா கட்டச் சொல்றியா? கோணலா கட்டுனா கட்டுனவன் பேர்தான் நாறும்." பட்டறையில் யாருடைய கப்பலுக்கு எந்த பேரிங் என்று கேட்டுக்கொண்டா வேலை செய்தார்கள் என்று அதற்கு மேல் ஓர் உதாரணம். படம் அந்த வாதத்தில் எந்தப் பக்கமும் சாய்வதில்லை, அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். கர்னலாக நடிக்கிற அலெக் கின்னஸ் கடைசியில் "நான் என்ன செய்துவிட்டேன்" என்று விழிக்கிற பார்வையில் நான் சொன்னதும் இருக்கிறது, நைனா சொன்னதும் இருக்கிறது. சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். திரைக்கதை எழுதிய இரண்டு பேரும் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி ஒதுக்கப்பட்டிருந்ததால், எழுத்துக்கான ஆஸ்கர் மூல நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூலின் பெயரில் போனது. 1984-ல்தான் அதைத் திருத்தினார்கள். அதற்குள் இருவருமே இறந்துபோயிருந்தார்கள்.

சனிக்கிழமை திரையிடலில் இந்தக் கதையெல்லாம் நான் அளந்துகொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து வருகிற அண்ணன் ஒருவர் மைக்கை ஆன் செய்தார். அவர் அதிகம் பேச மாட்டார், ஆட்டத்தில் அடிபட்டவர்களை எழுப்புகிற, எங்கள் குழுவின் நம்பகமான மெடிக். "தம்பி, படத்துல நம்ம ஆளுங்க யாரையும் காணோமே" என்றார். நான் எங்கள் அணியைச் சொல்கிறார் என்று நினைத்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பட்டியல் வாசிக்கத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்னது அந்தப் பாலம் இருந்த நிஜ ரயில் பாதையை, ஜப்பானியர் போட வைத்த சயாம் மரண ரயிலை. அவருடைய பாட்டனாரின் அண்ணனை ரப்பர் தோட்டத்திலிருந்து கொண்டுபோனார்களாம். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் அதைத் தேடிப் படித்தேன். தாய்லாந்தின் பான் பாங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் தண்டவாளங்களை இணைத்துவிட்டார்கள். காட்டையும் மலையையும் பார்த்தால் நம்ப முடியாத வேகம், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் வேலையாட்கள். நேசநாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்து 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மலாயாத் தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள், மலாய்க்காரர்கள். அவர்களில் 90,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். காலரா வந்தபோது கைதிகளின் முகாமிலாவது அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அநேகமாக யாரும் இல்லை. காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு கல் இல்லை.

படத்தை எடுத்ததோ இலங்கையில், கித்துல்கலை என்கிற ஊரில், களனி ஆற்றின் மேல். மரத்தால் உண்மையிலேயே பாலம் கட்டி, உண்மையான ரயிலை ஏற்றித் தகர்த்தார்கள். கட்டியவனின் பெருமை பற்றிய படம், கட்டியவர்களில் பெரும்பாலோரைக் காட்டவில்லை. இதற்காக அந்தப் படத்தை இப்போது வெறுக்கிறேனா என்றால், இல்லை. இன்னும் பிடிக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் பின்னணியில் மண் சுமப்பவர்களைத் தேடுகிறேன்.

அன்றைக்கு அண்ணன் பேசிய பிறகு நாங்கள் அதிகாலைவரை பேசினோம். பர்மா பஜார் 1969-ல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காகத் தொடங்கியது என்று நான் சொல்ல, டொராண்டோக்காரர் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டதைச் சொல்ல, மதுரைக்காரர் அத்தோ என்றால் என்ன என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ள. குழுவின் உச்சம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ராத்திரி யாரும் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

எனக்குப் பிடித்த போர்ப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவற்றில் சண்டை கொஞ்சம்தான் இருக்கும், வேலை நிறைய இருக்கும். நைனாவின் பாதிப்புதான், வேறென்ன. 'தி கிரேட் எஸ்கேப்' (1963) இருக்கிறதே, மூன்று மணி நேரத்துக்கு எட்டு நிமிடம் குறைவு, அதில் முக்கால்வாசி பட்டறைக் காட்சிகள். ஜெர்மன் முகாமில் அடைபட்ட விமானப்படைக் கைதிகள் சுரங்கம் தோண்டுகிறார்கள். கட்டில் பலகையைக் கழற்றிச் சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கிறார்கள். பால்மாவு டப்பாக்களை ஒன்றோடொன்று பொருத்திக் காற்றுக்குழாய் செய்கிறார்கள். தோண்டிய மணல் மேலே இருக்கும் மண்ணைப் போல இல்லாமல் வெளிர் நிறத்தில் இருப்பதால், அதைக் கால்சட்டைக்குள் பைகளில் மறைத்து எடுத்துப்போய் நடக்கிற சாக்கில் கொட்டிக் காலால் கலந்துவிடுகிறார்கள். இவை எல்லாம் உண்மையில் நடந்தவை. 1944 மார்ச்சில் அந்த முகாமிலிருந்து 76 பேர் வெளியேறினார்கள். 73 பேர் பிடிபட்டார்கள், அவர்களில் 50 பேரை ஹிட்லரின் உத்தரவுப்படி சுட்டுக் கொன்றார்கள். தப்பியவர்கள் மூன்றே பேர்.

ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் வேலியைத் தாண்டுவது சினிமாவின் சொந்தச் சரக்கு. எல்லோரும் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் நினைவில் வைத்திருப்பது சார்லஸ் பிரான்சனை. அவர் தோண்டுகிறவர், அதே நேரம் அடைபட்ட இடம் என்றால் நடுங்குகிறவர். நடிகராவதற்கு முன் அவர் உண்மையாகவே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. அவர் மண்வெட்டி பிடிக்கிற விதத்தைப் பாருங்கள், சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது. போலிக் கடவுச்சீட்டுத் தயாரிக்கிறவராக வரும் டொனால்ட் பிளெசன்ஸ் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, ஜெர்மன் முகாமில் கைதியாகவே இருந்தவர்.

சரி, குழுவுக்கு வருகிறேன். குழு வளர்ந்தது. வளர்ந்தால் போட்டிகளில் ஆடத்தானே தோன்றும்? அதில் தப்பே இல்லை. போட்டிக்கென்று தனி அணி, அதற்குத் தேர்வு, தேர்வுக்கு ஒரு கணக்கு அட்டவணை வந்தது. அட்டவணையில் என்ன இருக்கும்? நிமிடத்துக்கு எத்தனை பேரைச் சுட்டாய் என்பது. நோடு கட்டியதற்கு அதில் பத்தி கிடையாது. லாரி ஓட்டியதற்கும் கிடையாது. "நோடுதானே தல, யார் வேணா கட்டலாம், முதல் ரெண்டு நிமிஷத்துல கட்டிட்டு ஓடி வந்து துப்பாக்கி எடுக்கலாம்" என்று புதிதாகப் பொறுப்பேற்ற பையன் ஒருவன் சொன்னான். கணக்குப்படி அவன் சொன்னது சரி. போட்டியில் அப்படித்தான் ஆடுகிறார்கள். எனக்கு அந்த ஆட்டத்தில் இடமில்லை என்பதையும் அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

அதோடு விட்டிருந்தால் நான் ஓரமாக லாரி ஓட்டிக்கொண்டே இருந்திருப்பேன். சனிக்கிழமை போனதுதான் வலித்தது. போட்டிக்கு முன்பு ஆடிய ஆட்டத்தின் பதிவைப் போட்டு, யார் எங்கே சொதப்பினார்கள் என்று அலசுகிற கூட்டம் சனிக்கிழமை ராத்திரிக்கு மாறியது. படம் வெள்ளிக்கு நகர்ந்தது, பிறகு ஞாயிறு மதியத்துக்கு, பிறகு "அடுத்த வாரம் பாத்துக்கலாம் ணா" ஆனது. அந்தக் கூட்டத்தில் ஒரு தடவை உட்கார்ந்தேன். வேலையில் எங்கள் யார்டில் மாதாமாதம் நடக்கிற ஆய்வுக் கூட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அங்கேயாவது டீயும் சமோசாவும் கொடுப்பார்கள்.

விளையாட்டு சினிமாவிலிருந்து எவ்வளவோ எடுத்துக்கொண்டிருக்கிறது. ஹெல் லெட் லூஸில் சாந்த் மேர் எக்லீஸ் என்கிற ஊர் ஒரு மேப். நடுவில் தேவாலயம். 'தி லாங்கஸ்ட் டே' (1962) பார்த்தவர்கள் அந்தக் கோபுரத்தை மறக்க மாட்டார்கள். பாராசூட் கோபுரத்தில் மாட்டிக்கொண்டு, கீழே தன் ஆட்கள் சாவதைத் தொங்கியபடியே பார்க்கிற சிப்பாய். அவர் பெயர் ஜான் ஸ்டீல், நிஜத்தில் இருந்தவர், செத்ததுபோல நடித்துப் பிழைத்தவர். படத்தில் அமெரிக்கர் ஆங்கிலமும் ஜெர்மானியர் ஜெர்மனும் பிரெஞ்சுக்காரர் பிரெஞ்சும்தான் பேசுவார்கள், அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம். அந்த மேப் வரும்போதெல்லாம் நான் லாரியை நிறுத்தி இறங்கிக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பேன். யாராவது ஒரு ஜெர்மன் ஸ்னைப்பர் என்னைச் சுட்டுத்தள்ளுவான். "டிரைவர் மறுபடியும் சர்ச் பாக்கப் போயிட்டாரு" என்று ஹெட்செட்டில் சிரிப்பு கேட்கும். போட்டி அணியில் இதற்கு மன்னிப்பு இல்லை.

ரெமாகன் என்று இன்னொரு மேப், ரைன் ஆற்றின் மேல் பாலத்தோடு. 1945 மார்ச் 7 அன்று அமெரிக்கர்கள் அந்தப் பாலத்தைத் தகர்க்கப்படாமல் பிடித்தார்கள். பத்தாவது நாள், மார்ச் 17, அது தானாகவே இடிந்து விழுந்தது. பழுதுபார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் படையினர் 25 பேருக்கும் மேல் அதில் இறந்தார்கள். 'தி பிரிட்ஜ் அட் ரெமாகன்' (1969) சுமாரான படம்தான், பாலத்தைப் பிடிக்கிறவர்களைக் காட்டுகிற அளவுக்குத் தாங்குகிறவர்களைக் காட்டாது. அதைவிடப் படப்பிடிப்புக் கதை சுவாரசியம். செக்கோஸ்லோவாக்கியாவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, 1968 ஆகஸ்டில், நிஜ சோவியத் டாங்கிகள் நாட்டுக்குள் வந்துவிட்டன. படக்குழு டாக்ஸி பிடித்து எல்லை தாண்டி ஓடியது.

விலகுவதற்கு முன் நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசிப் படம் 'தாஸ் பூட்'. 1981, வோல்ஃப்காங் பீட்டர்சன். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் உங்களை அடைத்து மூடிவிடுகிற படம். துறைமுகத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்த எனக்கு டீசல் வாடை திரையிலிருந்தே அடிக்கிறது. எஞ்சின் அறையில் யோஹான் என்று ஒருவர். எஞ்சினைவிட்டு அகல மாட்டார், அதனால் மற்றவர்கள் அவரைப் பேய் என்று கூப்பிடுவார்கள். தலைக்கு மேல் ஆழ்வெடிகள் வெடிக்கும்போது அந்த யோஹான் நிலைகுலைந்து தன் இடத்தைவிட்டு ஓடிவருகிறார். கப்பல்தலைவன் துப்பாக்கியை எடுக்கப் போகிறான். பிறகு ஜிப்ரால்டர் நீரிணையில் கப்பல் அடிபட்டுக் கடலடியில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் பீறிடும் இடத்தை அடைப்பது அதே யோஹான்தான். மணிக்கணக்கில் பம்ப், பாட்டரி, குழாய் என்று பழுதுபார்க்கிறார்கள். சண்டையே இல்லை, எதிரி கண்ணில் படுவதில்லை, ஆனால் நகத்தைக் கடித்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

எதிரி நாட்டுக்காரர்களாயிற்றே, நாஜிகளாயிற்றே என்று டொராண்டோக்காரர் ஒரு கேள்வி எழுப்பினார். கேட்கவேண்டிய கேள்வி. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரி வரும், நீர்மூழ்கிகளில் போன 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை என்று. அவர்கள் மூழ்கடித்த கப்பல்களில் இருந்தவர்களின் எண்ணிக்கை வராது. ஆனால் எரிகிற கப்பலிலிருந்து குதித்து நீந்தி வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளாமல் பின்வாங்குகிற காட்சியை வைத்திருக்கிறார் பீட்டர்சன். அது அவருடைய பதில் என்று எடுத்துக்கொண்டேன். நம் ஊருக்கும் ஜெர்மன் கப்பல் புதிதில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் வந்து துறைமுகத்துப் பக்கம் இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. உயர் நீதிமன்றத்தின் கிழக்குச் சுவரில் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் கப்பலிலும் ஒரு யோஹான் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பான்.

அந்தப் படம் முடிந்த மறுவாரம் நான் விலகுவதாகச் சொன்னேன். சொல்வது சுலபமாக இருந்தது. விலகுவதுதான் நீண்ட வேலை. சர்வர் வாடகை என் கார்டில் போய்க்கொண்டிருந்தது. டிஸ்கார்டில் பாட் என்கிற தானியங்கி உதவியாளை ஓட்டுகிற கணக்கு என் பெயரில். யாருக்கு எந்த நேரத்தில் ஷிஃப்ட், யாருடைய மைக்கில் எதிரொலி வரும், யாரைத் தளபதியாகப் போட்டால் யார் கோபித்துக்கொள்வார் என்று நான் குறித்து வைத்திருந்த கோப்பு வேறு. அதையெல்லாம் அந்தப் பொறுப்பேற்ற பையனுக்கு ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தேன். யார்டில் ஷிஃப்ட் ஒப்படைக்கிற பழக்கம் கைகொடுத்தது. அவனும் பொறுமையாக எழுதிக்கொண்டான். கடைசியில், "ணா, இவ்ளோ வேலை நீங்க பாத்துட்டு இருந்தது எங்களுக்குத் தெரியாது" என்றான். தெரியாமல் நடந்தால்தானே அது நல்ல பராமரிப்பு என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, பெருமை அடிப்பதாக இருக்கும்.

விளையாட்டைக் கணினியிலிருந்து நீக்கியபோது பெரிதாக எதுவும் தோன்றவில்லை. பழக்கத்தில் பதினோரு மணிக்குக் கை ஹெட்செட்டுக்குப் போகும், அவ்வளவுதான். குரல்களைத்தான் தேடுகிறேன். கிள்ளான் அண்ணன் வீட்டுச் சேவல் விடியற்காலையில் மைக்கில் கூவும். எங்களுக்கு அது பின்னிரவு. சேவல் கூவிவிட்டால் கடைசி ஆட்டம் என்று வைத்திருந்தோம்.

படங்களை விடவில்லை. அந்த ராத்திரிகளில் இப்போது தனியாகவோ நைனாவோடோ பார்க்கிறேன். அண்மையில் நைனாவோடு பார்த்தது 'பாலட் ஆஃப் எ சோல்ஜர்', 1959, சோவியத் படம். இயக்குநர் கிரிகோரி சுக்ராய் போரில் சண்டையிட்டுக் காயம்பட்டவர். கதை ஒரு வரிதான். பத்தொன்பது வயது அல்யோஷா இரண்டு டாங்கிகளை அடித்து நொறுக்கிவிடுகிறான். ஜெனரல் பதக்கம் தருகிறேன் என்கிறார். பதக்கம் வேண்டாம், வீட்டுக்குப் போய் வர விடுங்கள், அம்மா வீட்டுக் கூரை ஒழுகுகிறதாம், சரிசெய்ய வேண்டும் என்கிறான். ஆறு நாள் கிடைக்கிறது. போக இரண்டு, வர இரண்டு, கூரைக்கு இரண்டு. வழியில் கால் இழந்த சிப்பாய்க்கு, ஒரு பெண்ணுக்கு, யாருக்கோ சோப்பு கொண்டுபோய்க் கொடுப்பதற்கு என்று நாட்கள் கரைகின்றன. அம்மாவைப் பார்ப்பது சில நிமிடங்கள்தான். அவன் போரிலிருந்து திரும்பவில்லை என்பதைப் படம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது.

டாங்கி அடிக்கிற காட்சியில் நைனா அசையவில்லை. கூரையைப் பற்றிப் பேசும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடிந்ததும், "கூரைய யாருடா போட்டுக் குடுத்தது அந்தம்மாவுக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. படம் அதைச் சொல்வதில்லை. அவருக்கு அது குறையாகவே பட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது போட்டிருப்பார்கள் என்று தானே ஒரு முடிவுக்கு வந்து தூங்கப் போனார்.

தமிழில் போர்ப் படமே இல்லையா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 'அந்த நாள்'. 1954, வீணை எஸ். பாலச்சந்தர் இயக்கியது, பாட்டே இல்லாத தமிழ்ப் படம். 1943 அக்டோபர் 11, சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த நாளை ஒட்டிய கதை. கொலை மர்மம் என்றுதான் அதைச் சொல்வார்கள். எனக்கு அது ரேடியோ எஞ்சினியர் ஒருவனின் கதை. சிவாஜி நடிக்கும் ராஜனின் திறமையை இங்கே யாரும் மதிக்கவில்லை, அதனால் எதிரிக்கு விற்கிறான். நிக்கல்சனும் ராஜனும் ஒரே மேசையில் உட்கார வேண்டியவர்கள். ஒருவன் வேலையின் மேல் உள்ள காதலால் எதிரிக்கு உதவுகிறான், இன்னொருவன் அந்த வேலையை யாரும் கண்டுகொள்ளாத ஆத்திரத்தால். குழுவில் இதை ஒரு சனிக்கிழமை போட வேண்டும் என்று வைத்திருந்தேன், நடக்கவில்லை.

இப்போது நடக்கும்போல இருக்கிறது. கிள்ளான் அண்ணனும் டொராண்டோக்காரரில் ஒருவரும் தனியாக ஒரு குரல் அறை திறந்து என்னைச் சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டு கிடையாது, படம் மட்டும். 'அந்த நாள்' முதலில். அதற்கடுத்து 'தாஸ் பூட்'டின் தொலைக்காட்சிக்கான நீளப் பதிப்பைப் போடலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன், ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதுரைக்காரர் போட்டி அணியில்தான் இருக்கிறார், ஆனாலும் வருவாராம். ஒரே நிபந்தனை வைத்திருக்கிறார்: நடுவில் ஆய்வுக் கூட்டம் நடத்தக் கூடாது, அத்தோ பற்றி யாரும் பேசக் கூடாது.